மகரக்கட்டும் குரற்பயிற்சியும்

கொல்லி என்னும் சொல்லைக் கேட்டவளவில் தமிழ் கற்றார் உள்ளத்தே மூன்று பொருள்கள் தோன்றும். முதலாவது, நாமக்கல்லுக்குக் கிழக்கே ஓங்கி நிற்கும் மலை. காரவள்ளி அடிவாரத்தினின்றும் எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறினாலன்றி அதன் மேட்டுநிலத்தை அடைதல் இயலாது. இரண்டாவது, அம்மலையில் இருந்ததாகச் சங்கப் புலவர் கூறும் கொல்லிப்பாவை. காற்று மோதினும், இடி முழங்கினும், நிலமே நடுங்கினும் தன் வடிவு குன்றாதது அப்பாவை என்பது நற்றிணையால் அறியப்படும். மூன்றாவது, கொல்லிப்பண். திருநாவுக்கரசர் திருவதிகையிற் பாடிய முதற்பதிகம் இப்பண்ணில் அமைந்தது. இக்காலத்து ஓதுவார் இதனை நவரோசு இராகத்திற் பாடுவர். பாவைக்கு உருவம் உண்டு. அது வாய்திறந்து பேசியதாக நாம் படித்ததில்லை. பண்ணுக்கோ உருவம் இல்லை. குரலே அதன் உடல். மானிடப் பிறவிக்கு உருவமும் குரலும் ஒருங்கே வாய்த்திருக்கின்றன. ஆயினும் உருவம் வளர வளரக் குரல் தடுமாறும் ஒரு பருவம் ஆண்மக்கள் அனைவர்க்கும் வருகின்றது. அப்பருவத்தைப் பற்றியும், அதனைக் கடந்து பிறர்க்குக் குரலாசிரியராய் விளங்கிய சிறுவர் நடிகரைப் பற்றியும் ஈண்டுச் சில கூறப் புகுகின்றோம்.

ஆடித் திங்களில் வல்வில் ஓரியின் பெயரால் அரசினர் செம்மேட்டில் ஆண்டுதோறும் விழா நடத்துவதைப் பலரும் அறிவர். அவ்விழாவைக் காண நாம் சிலர் ஒருமுறை மலைமேற் சென்று தங்கியிருந்தபோது, பக்கத்து ஊரொன்றில் பள்ளிச் சிறுவர் ஓரியின் கதையை நாடகமாக நடித்தனர். ஓரியாக வந்தவனுக்குப் பதினான்கு வயதிருக்கும். முதற் காட்சியில் நன்றாகவே பேசினான். காரியை எதிர்த்து நின்று வஞ்சினம் கூறவேண்டிய இடத்தில் அவன் குரல் கீழே விழுந்தது. அதனைத் தூக்க முயன்றபோது கீச்சென்று மேலே பாய்ந்தது. கூட்டத்தார் சிரித்தனர். சிறுவன் கையிலிருந்த வில்லை அப்படியே வைத்துவிட்டு மேடையினின்றும் இறங்கிப் போய்விட்டான். எஞ்சிய வசனத்தை வேறொருவன் திரைக்குப் பின்னிருந்து படித்து முடித்தான். முந்திய ஆண்டு அவ்வூரிலே குரலுக்காகப் பரிசு பெற்றவன் அவனே என்று பின்னர்க் கேள்வியுற்றோம். எம் அருகிலிருந்த முதியவர் ஒருவர், கூத்தாடிப் பழகியவர், "பையனுக்கு மகரக்கட்டு வந்துவிட்டது, இனிமேல் அவன் பாட்டு அவ்வளவுதான்" என்றார். அவர் இரக்கத்தோடுதான் கூறினார். எனினும் அந்த 'அவ்வளவுதான்' என்னும் சொல் எமக்கு உடன்பாடன்று.

மகரக்கட்டு என்பது நாடகக்காரர் வழக்கு. சிறுவன் வாலிபனாகும்போது குரல் உடைதலையே அப்பெயரால் வழங்குவர். இஃது எவ்வாறு நிகழ்கின்றது என்பதனை முதற்கண் அறிதல் வேண்டும். கழுத்தின் முன்புறத்தே குருத்தெலும்பாலாகிய குரல்வளை என்னும் சிறு பெட்டி உளது. அதனுள்ளே முன்பின்னாக இழுத்துக் கட்டப்பட்டாற்போல இரண்டு தசைமடிப்புகள் உள்ளன. அவற்றைக் குரல்நாண்கள் என்கிறோம். நுரையீரலினின்றும் எழும் காற்று அவற்றினூடே புகும்போது அவை நெருங்கி அதிர்கின்றன. அவ்வதிர்வே குரலுக்கு வித்து. எட்டு அல்லது ஒன்பது வயதுச் சிறுவன் இயல்பாகப் பேசும்போது அவை நொடிக்கு ஏறத்தாழ 250 முறை அதிரும். சிறுமிக்கும் ஏறத்தாழ அவ்வளவே. இருவர் குரலையும் திரைக்கப்பாலிருந்து பிரித்தறிதல் அரிது. பெரும்பாலும் பன்னிரண்டு வயதிற்குமேல் ஆண்மைக்குரிய சுரப்பு உடலிற் பெருகத் தொடங்கியவுடன், குரல்வளை முன்னோக்கிப் புடைக்கின்றது. கழுத்திலே தோன்றும் மணி அதன் அடையாளமாம். உள்ளிருக்கும் நாண்கள் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் நீள்வதோடு தடித்தும் போகின்றன. சிறுமியர்க்கு நீட்சி 4 மில்லிமீட்டர் அளவே. ஆகலின் அவர் குரல் சற்றே தாழ்வதன்றி உடைவதில்லை.

10 மில்லிமீட்டர் என்பது ஒரு விரலின் அகலத்தினும் குறைவு. இத்துணைச் சிறிய மாற்றம் இத்துணைப் பெரிய குழப்பத்தை விளைப்பானேன் என்று ஐயுறலாம். வீணையின் தந்தியை நினைக்க: நீளமும் தடிப்பும் மிகுந்த தந்தி தாழ்ந்த சுரத்தைத் தரும். வளர்ந்த ஆடவனுடைய நாண்கள் நொடிக்கு 100 முதல் 130 முறையே அதிர்கின்றன; அஃதாவது, குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கிவிடுகின்றது. ஆர்மோனியக்காரர் மொழியிற் கூறுவதாயின், ஐந்து கட்டையிற் பாடியவன் ஒரு கட்டைக்கு வந்துவிடுகின்றான். இறக்கம் மெல்ல மெல்ல நிகழ்வதாயினும், மூளையானது பழைய நாணுக்குக் கட்டளையிட்ட வழக்கத்தையே சிலகாலம் பற்றி நிற்கின்றது. பழைய அளவில் தசையை இறுக்கினால் புதிய நாண் அதற்கு இணங்குவதில்லை. ஒருகால் தளர்ந்து கரகரக்கும், ஒருகால் திடீரென இறுகிக் கீச்சிடும். சின்ன வண்டியில் பழகிய மாட்டைப் பாரவண்டியில் பூட்டினால் முதல் நாள் அது வழியில் தடுமாறுதல் இயல்பு. மாட்டின்மீதும் குற்றமில்லை, வண்டியின்மீதும் குற்றமில்லை. சிலர்க்குச் சில மாதங்களில் இத்தடுமாற்றம் நீங்கும். சிலர்க்கு ஓராண்டும் அதற்கு மேலும் செல்லும்.

நம் முன்னோர் குரல் பிறக்குமாற்றைக் கூர்ந்து நோக்கியவர்கள் என்பதற்குத் தொல்காப்பியப் பிறப்பியலே சான்று. உந்தியினின்று எழும் வளி தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாக வெளிப்படும் என்று அந்நூல் முறைப்படுத்துகின்றது. காற்று அடிவயிற்றினின்று எழுகிறது என்னும் இக்கருத்தை இன்றைய குரலாசிரியர் ஒவ்வொருவரும் முதல் நாட்பாடமாகச் சொல்லிக் கொடுக்கின்றனர். பிறப்பியலைத் தேர்வுக்காக உருப்போடும் மாணவர், அதனை ஒருமுறை தம் வயிற்றின்மீது கையை வைத்துப் படித்துப் பார்ப்பாராயின் சூத்திரம் எளிதில் விளங்கும்.

இனி, மகரக்கட்டு என்னும் சொல்லை நாடெங்கும் அச்சத்தோடு உச்சரிக்கச் செய்த பாலர் நாடக சபைகளைப் பற்றிக் கூறுவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெரிய நடிகர்கள் ஒத்திகைக்கு வாராமலும் மேடையில் தம் மனம்போனவாறு பேசியும் நாடகத்தைக் குலைத்தமையால், சிறுவர்களைச் சேர்த்துப் பயிற்றினால் ஒழுங்கு நிலைக்கும் என்று ஆசிரியர்கள் கருதினர். 'பாய்ஸ் கம்பெனி' என்று மக்கள் வழங்கிய சபைகள் இவ்வாறு தோன்றின. அவற்றுள் தலைசிறந்தது, தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் ஆசிரியராயிருந்து 1918-ஆம் ஆண்டில் மதுரையில் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. சுவாமிகள் 1867-இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியிற் பிறந்தவர். 1922-இல் புதுவையில் மறைந்தவர். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று அவரைப் போற்றுதல் மிகையன்று.

இச்சபைகளிற் சேர்ந்த சிறுவர் பெரும்பாலோர் ஏழைக் குடியினர். ஆறு, ஏழு வயதில் வீட்டைப் பிரிந்து வந்தவர்களுக்குச் சபையே வீடு, வாத்தியாரே தாயும் தந்தையும். பள்ளிப்படிப்புக் குறைவு, பிரம்படி குறைவில்லை. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையிற் கடைசி வரிசையில் தரைமீது அமர்ந்திருப்பவனுக்கும் ஒவ்வோரெழுத்தும் கேட்கவேண்டும். இரவு முழுதும் ஆர்மோனியத்தின் உயர்ந்த கட்டையிற் பாடவேண்டும். ஸ்திரீபார்ட்டு வேடங்களையும் சிறுவர்களே தாங்கினர். ஆகவே பிஞ்சுக் குரலே சபையின் மூலதனம் எனலாம். மூலதனம் ஓரிரவில் உடைந்தால் முதலாளி என் செய்வான்? நேற்றுவரை சீதையாகவும் வள்ளியாகவும் நின்றவன் இன்று திரை இழுக்கவும் பெட்டி தூக்கவும் அனுப்பப்பட்டான்; அல்லது வீட்டிற்கு அனுப்பப்பட்டான். அவனுக்கு வேறு தொழில் தெரியாது. நாடக வரலாறு எழுதுவோர் புகழ்பெற்றவர்களின் பெயரை மட்டுமே நமக்குத் தருகின்றனர். மகரக்கட்டினால் வழியில் நின்றுவிட்டவர் எத்துணையோ பேர் இருந்திருக்கவேண்டும். அவர்களுக்குக் கணக்கு இல்லை.

நின்றுவிடாது மீண்டவர்களுள் நம் பக்கத்து நாட்டோடு தொடர்புடையவர் புதுக்கோட்டை பி. யு. சின்னப்பா. 1916-இற் பிறந்த இவர் சிறுவராகவே மேடையேறி மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிற் பெயர் பெற்றவர். குரல் உடைந்தபின் கம்பெனியை விட்டு விலகினார். விலகியவர் சோர்ந்திருக்கவில்லை, சிலம்பமும் குஸ்தியும் பயின்று உடலை உரமாக்கிக் கொண்டார், சங்கீதத்தையும் முறையாகக் கற்றார். மூச்சை ஆளும் பயிற்சி இவ்விரு துறைக்கும் பொதுவன்றோ? பின்னர்ச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் 1940-இல் வெளியிட்ட 'உத்தமபுத்திரன்' படத்தில் இரட்டை வேடம் தாங்கிப் பெரும்புகழ் எய்தினார். கொல்லிமலை அக்காலத்துச் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997-இல் தான். ஆகவே, குரலிழந்து போன சிறுவன் ஒருவன் கனத்த புதிய குரலோடு தமிழ்நாட்டின் முன்னே மீண்டும் நின்றது நம் மாவட்டத்து மண்ணிலேதான் என்று நாம் உரிமை கொண்டாடுவது தவறாகாது. அவர் 1951-இல் இளவயதிலேயே மறைந்தது இரங்கத்தக்கது.

செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவைப் பற்றியும் ஒரு சொல். அவரும் சிறு பிள்ளையாக மேடையேறியவரே. ஆயின் வளர்ந்த பின்னும் அவர் குரல் உச்ச ஸ்தாயியில் தங்குதடையின்றிச் சஞ்சரித்தது. இத்தகைய பேறு ஆயிரத்தில் ஒருவர்க்கே வாய்க்கும். அவரைப் பின்பற்றி மேலே மேலே இழுத்துப் பாடிக் கெட்டவர் பலர். அவரும் 1933-இல் இருபத்தேழாம் வயதில் உலக வாழ்வை நீத்தார். அவருடைய மனைவியார் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் காவிரிக் கரையில் 1908-இற் பிறந்து, சிறுமியாகவே நாடக மேடைக்கு வந்தவர். முற்கூறிய காரணத்தால் பெண்மக்களுக்கு மகரக்கட்டின் இடர் இல்லை. அவ்வம்மையாரின் கணீரென்ற குரல் 1953-ஆம் ஆண்டு 'ஔவையார்' படத்திலும் அதன் பின்னரும் ஒலித்ததை யாவரும் அறிவர்.

ஔவையார் என்றதும், ஆடவராயிருந்து அப்பெயரைப் பெற்ற ஒருவரை நினையாதிருத்தல் இயலாது. அவரே டி. கே. சண்முகம். எம் கட்டுரைக்கு உயிர்நாடியும் அவரே. 1912-இல் திருவனந்தபுரத்திற் பிறந்து, 1918-இல் உடன்பிறந்தாரோடு சங்கரதாஸ் சுவாமிகளின் சபையிற் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. அவரை முன்னிட்டுச் சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் வழங்கும் வரலாறு. சிறு பிள்ளையின் குரலில் ஆசிரியர் எத்துணை நம்பிக்கை வைத்தார் என்பது இதனாற் போதரும். 1925-இல் சகோதரர்கள் தாமே ஸ்ரீ பால சண்முகானந்த சபையைத் தொடங்கினர். அப்போது சண்முகத்துக்குப் பதின்மூன்று வயது; குரல் மாறும் வாயிலில் நிற்கும் வயது. எஜமானனுக்கு அடங்கிய சிறுவனாயிருந்தவர் அவ்வயதிலேயே ஒரு சபையின் பொறுப்பிற் பங்குகொள்ள நேர்ந்தது. எம்மனோர் பதின்மூன்று வயதில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதை எண்ணின் வியப்பே மேலிடும்.

அதன்பின் எம். கந்தசாமி முதலியார் அவர்களுக்கு ஆசிரியராக வாய்த்தார். சுவாமிகளின் மரபு பாட்டை முதன்மையாகக் கொண்டது. முதலியாரோ நாவல்களை நாடகமாக்கி, வீட்டிலே மக்கள் பேசுவதைப் போன்ற உரையாடலைப் பயிற்றினார். பாட்டுக் குரல் உடைந்த பிள்ளைக்கு இந்த மாற்றம் எத்துணைப் பெரிய வரம் என்பதை எண்ணுக! ஐந்து கட்டையில் பாட இயலாதவன், ஒரு கட்டையில் நின்று பேசலாம். தாழ்ந்த குரலில் சினத்தையும், மெல்லிய குரலில் துயரத்தையும் காட்டலாம். குரலின் பெருமை உயரத்தில் மட்டும் இல்லை என்று தமிழ் மேடை கற்றுக்கொண்டதில் இவ்வாசிரியர்க்குப் பங்குண்டு என்பது எம் துணிபு.

1942-இல் டி.கே.எஸ். சகோதரர்கள் 'ஔவையார்' நாடகத்தை அரங்கேற்றினர். முப்பது வயது நிரம்பிய ஆடவர் கூனிய கிழவியாக வந்து நின்றார். கிழவியின் குரலைக் கேலிக் குரலாக்குவது எளிது. பபூன் வேடக்காரர் அனைவரும் அதனைச் செய்வர். அவையோர் சிரியாது, அன்னை என்று உளங்கொண்டு கேட்கும்படி அதனைப் பேசுவது அரிது. சண்முகம் அதனைச் செய்தமையாலேயே மக்கள் அவரை ஔவை சண்முகம் என்று அழைக்கலாயினர். சென்னையில் ஒரு சாலையும் இன்று அப்பெயரைத் தாங்கி நிற்கின்றது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவர் நாடகத்தைப் பற்றி நிகழ்த்திய சொற்பொழிவுகள் 'நாடகக் கலை' என்னும் நூலாயின. 1972-இல் 'எனது நாடக வாழ்க்கை' என்னும் தன்வரலாறு வெளிவந்தது. மறு ஆண்டில் அவர் மறைந்தார். பள்ளிக்கூடத்தை முறையாகக் காணாத சிறுவன் பல்கலைக்கழக மேடையில் நின்று பேராசிரியர்க்கும் மாணவர்க்கும் பாடம் சொன்னான் என்பதை, பட்டங்களையே பெரிதாக மதிக்கும் நம்போன்றோர் சற்று நின்று எண்ணவேண்டும்.

அவரிடம் பயின்ற சிறுவருள் ஒருவர் கமல்ஹாசன். 1960-இல் 'களத்தூர் கண்ணம்மா' படத்தில் ஐந்து வயதிற் பெரும்புகழ் பெற்றவர், குழந்தை வேடங்களுக்குரிய பருவம் கழிந்தபோது டி.கே.எஸ். நாடக சபையிற் சேர்ந்து சண்முகத்தைக் குருவாகக் கொண்டார். திரைப்படம் குழந்தையை அதன் மழலைக்காக ஏற்று, மழலை போனவுடன் விட்டுவிடுகின்றது. அந்த இடைவெளியைக் கடப்பதற்குப் பழைய பாலர் சபையின் பிள்ளை ஒருவரே அவருக்குத் தோணியாயினார். 1996-இல் வந்த 'அவ்வை சண்முகி' படத்தில் கமல்ஹாசன் முதிய மாதாகத் தோன்றிப் பேசியதை வேடிக்கையாக மட்டும் கண்டோர் பலர். அப்பெயரில் குருவின் பெயர் இருப்பதை அறிந்தோர்க்கு, ஆடவர் கிழவியின் குரலைப் பேசும் அத்தொழில் எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கியிருக்கும்.

இத்தகைய வாத்தியார்கள் பயிற்றியது யாது? நகரங்களில் இப்பொழுது குரற்பயிற்சி என்றும் ஆளுமை வளர்ச்சி என்றும் பலகை எழுதி வகுப்பு நடத்துவோர் மிகுந்துவிட்டனர். அவர்களுள் முன்னாள் நடிகரும் உளர். நேர்முகத் தேர்வுக்குச் செல்வோரும் மேடையிற் பேச அஞ்சுவோரும் அவர்களை நாடுகின்றனர். சிலர் மூன்று நாளில் அச்சத்தை அறுத்துத் தருவதாக விளம்பரம் செய்வதை நாம் நம்புவதில்லை. ஆனால் அத்தொழிலின் நல்ல பகுதி பாலர் சபையின் ஒத்திகைக் கூடத்தில் இருந்ததேயாம். முதலில் நிற்கும் நிலை: தோளை உயர்த்தாது, கழுத்தை நீட்டாது, இரு காலிலும் சமமாக நிற்றல். அடுத்து மூச்சு: மார்பை விம்மச் செய்யாது, விலாவும் வயிறும் விரியக் காற்றை வாங்கி, வாக்கியம் முடியும்வரை அதனைச் சிக்கனமாகச் செலவிடுதல். மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள உதரவிதானம் என்னும் தசைத்தட்டு இதற்குக் கருவி. பிறகு எழுத்து: லகர, ளகர, ழகரங்களையும், ரகர றகரங்களையும் வாயில் மயங்காது பிரித்தல். இறுதி எழுத்தை விழுங்காதிருத்தல் யாவற்றினும் முக்கியம். தமிழ் வாக்கியத்தின் பொருள் வினைமுற்றிலே நிற்பதால், கடைசிச் சொல்லை விழுங்குகின்றவன் தன் கருத்தையே விழுங்கிவிடுகின்றான். கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் இக்குறையை நாம் ஆண்டுதோறும் கேட்கின்றோம்.

உரக்கக் கத்துவது குரல் அன்று என்பதை நாடக வாத்தியார் பலர் அறிந்தாரில்லை என்பதையும் கூறவேண்டும். உடைந்த குரலைப் பழைய கட்டைக்கே இழுத்துப் பாடச்செய்து கெடுத்தவர்கள் உண்டு. அடித்தால் நாண் பழைய அளவுக்குக் குறுகிவிடுமா? இவ்விஷயத்தில் மேனாட்டு ஆசிரியர் ஒருவர் கண்ட உண்மை எல்லார்க்கும் பயன்பட்டது. மானுவேல் கார்சியா என்பவர் 1805-இல் ஸ்பெயின் நாட்டுச் சங்கீதக் குடும்பத்திற் பிறந்தவர். இளமையில் மேடையிற் பாடியவர். தம் குரல் அதற்குத் தாங்காமையால் பாடுவதை விட்டுப் பயிற்றுவதை மேற்கொண்டார். அக்காலம்வரை உயிருள்ள மனிதனின் குரல்நாண்கள் இயங்குவதைத் தெளிவாகக் கண்டு விவரித்தவர் இலர். 1854-இல் அவர் பல் மருத்துவர் வழங்கும் நீண்ட காம்புடைய சிறு கண்ணாடியைத் தம் தொண்டைக்குள் வைத்து, மற்றொரு கண்ணாடியாற் சூரிய வெளிச்சத்தை அதன்மீது பாய்ச்சி, தம் குரல்நாண்களைத் தாமே கண்டார். மறு ஆண்டில் அச்செய்தி இலண்டன் ராயல் சங்கத்தில் படிக்கப்பெற்றது. தொண்டை மருத்துவர் இன்றளவும் குரல்வளையைக் கண்ணாடியிட்டுப் பார்ப்பதற்கு வழிகாட்டியவர் மருத்துவர் அல்லர். குரலிழந்த பாட்டு வாத்தியார். அவர் நூற்றோராண்டு வாழ்ந்தார்.

அவரிடம் 1841-இல் பாரிசுக்கு வந்து சேர்ந்தவள் சுவீடன் நாட்டு ஜென்னி லிண்ட். ஒன்பது வயதில் ஸ்டாக்ஹோம் அரசு நாடகசாலையின் பள்ளியிற் சேர்க்கப்பட்டு, குழந்தையாகவே மேடையில் நடித்தவள் அவள். இருபது வயதுக்குள் ஓயாது பாடிப் பாடிக் குரல் நைந்து போயிற்று. கார்சியா உடனே பாடம் சொல்லவில்லை. சில வாரம் பாடவே கூடாது, பேச்சையும் குறைத்துக்கொள்ளவேண்டும் என்று கட்டளையிட்டார். பெரும்புகழ் பெற்ற பாடகிக்கு ஆசிரியர் அளித்த முதற்பாடம் மௌனமாயிற்று. அதன்பின்னரே மூச்சினின்று தொடங்கிப் படிப்படியாகக் கற்பித்தார். அவள் குரல் மீண்டது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் அதனைக் கேட்டு வியந்தன. இலண்டனில் ராயல் சங்கீதக் கல்லூரி 1883-இல் திறக்கப்பெற்றபோது அவ்வம்மையார் அங்கே பாட்டுப் பேராசிரியராக அமர்ந்து, 1887-இல் மறைவதற்கு முந்திய ஆண்டுகளை இளம்பெண்களின் குரலைப் பேணுவதிற் செலவிட்டார். குழந்தை நடிகையாய்த் தொடங்கிக் குரலாசிரியராய் முடிந்த வாழ்க்கைக்கு இதனினும் தெளிவான சான்று எமக்குத் தெரிந்த அளவில் இல்லை. சண்முகமும் லிண்டும் ஒருவரையொருவர் அறியாத காலத்திலும் தேசத்திலும் வாழ்ந்தவர்கள். குரல் என்பது கிடைத்த பொருள் மட்டுமன்று, இழந்தபின்னும் கட்டிக்கொள்ளத்தக்க பொருள் என்பதைத் தம் தொண்டையிலேயே அறிந்தமையால் இருவரும் நல்லாசிரியர் ஆயினர்.

மலைமேல் உள்ள பள்ளிகளிலும் சமவெளிப் பள்ளிகளிலும் நாடகம் நடத்தும் ஆசிரியர்க்குச் சில கூறுவோம். குரல் மாறும் சிறுவனை மேடையினின்றும் விலக்கவேண்டிய காரணம் ஒன்றுமில்லை. பாடும் வேடத்தை மாற்றிப் பேசும் வேடம் தரலாம். நீண்ட வசனத்தைச் சிறிதாக்கலாம். வன்பரணர் பாடிய புறப்பாட்டில், ஓரியின் கொடையை உண்டு மகிழ்ந்த பாணர் கூட்டம் ஆடலையும் பாடலையும் மறந்தது என்று வருகின்றது. பாடாத பாணனுக்கும் ஓரியின் அவையில் இடம் இருந்ததென்றால், நம் மேடையிலும் இருக்கலாம். பாடவேண்டுமாயின் அவனுக்கு எளிதாக எட்டும் நாலைந்து சுரத்துக்குள் பாடட்டும். இன்று எட்டிய சுரம் நாளை எட்டாமற் போகலாம் என்பதை முன்னரே அவனிடம் சொல்லிவைத்தால், நாளை அவன் அஞ்சமாட்டான். விளையாட்டுத் திடலில் தொண்டை கிழியக் கூவுதல், தொண்டையைக் கனைத்துக்கொண்டேயிருத்தல் ஆகிய இரண்டும் தீங்கு. அடிக்கடி தண்ணீர் குடித்தல் நன்று. வாயை மூடி 'ம்' என்று மெல்ல இசைத்துக் குரலை மேலிருந்து கீழாக இறக்கிப் பழகுவது பயனுள்ள அப்பியாசம். சிரிப்பவர்களைப் பொறுத்தவரை, அவர்களுள் ஆண்கள் அனைவரும் அதே வாயிலைக் கடந்தவர்களே என்று ஆசிரியர் ஒருமுறை அவையில் எடுத்துரைத்தால் போதும்.

இன்னொரு செய்தி, பலரும் நாணத்தால் மறைப்பது. உடல் முழுதும் வளர்ந்து, மீசையும் அரும்பி, குரல்வளை ஆடவனுக்குரிய அளவை எய்திய பின்னும், சிலருடைய பேச்சு சிறுமியின் குரலிலேயே நின்றுவிடுகின்றது. மருத்துவர் இதனைப் பியூபர்ஃபோனியா என்பர். பெரும்பாலும் கருவியிற் குறை இராது. புதிய நாணைப் பழைய வழக்கத்தால் இறுக்கிப் பேசுவதே காரணம். இவ்விளைஞர் கல்லூரியில் வாய்திறக்க அஞ்சி, தொலைபேசியிற் பேச அஞ்சி, வகுப்பில் விடை தெரிந்தும் எழாமல் இருப்பதை நாம் கண்டிருக்கின்றோம். பலர் இதனை விதியென்று எண்ணிக் காலம் கழிக்கின்றனர். உண்மையில், தேர்ந்த பேச்சுப் பயிற்சியாளர் குரல்வளையை விரலால் மெல்லத் தாழ்த்தியும், இருமச் செய்தும், முனகச் செய்தும் மறைந்திருக்கும் தாழ்ந்த குரலை முதலில் வெளிப்படுத்துவர். அதனை நிலைநிறுத்தச் சில வாரப் பயிற்சி பெரும்பாலோர்க்குப் போதும். அறுவை சிகிச்சை வேண்டுவோர் மிகச் சிலரே. கரகரப்பு மூன்று வாரத்திற்கு மேல் நீங்காதிருந்தாலும், குரலோடு வலியோ மூச்சுத் திணறலோ சேர்ந்தாலும் அதனை மகரக்கட்டு என்று கருதி வாளாவிருத்தல் கூடாது. காது, மூக்கு, தொண்டை மருத்துவர் நாமக்கல்லிலும் சேலத்திலும் இருக்கின்றனர். செம்மேட்டினின்றும் நாமக்கல்லுக்குப் பேருந்து செல்கின்றது. மகனை அழைத்துக்கொண்டு இறங்கிவரும் தந்தை, எதற்கு வந்தீர் என்று கேட்பவரிடம் குரலுக்காக வந்தோம் என்று தயங்காமற் சொல்லலாம்.